காரைக்குடிக்கு ஒரு எரிசக்தி ஆய்வகம்: கண்ணாடி மாடியா, பழைய வீடா, தாழ்வான கூடமா?

காரைக்குடியில் பல்கலைக்கழகம் ஒன்று தூய எரிசக்தி ஆய்வுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். அது எப்படி இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும்? அறிவிப்பு ஏதோ வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நானாகத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் இந்த ஊரில் இது காற்றில் கோட்டை கட்டும் வேலையும் இல்லை. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது எல்லோரும் சொல்கிற சிக்ரி, இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். பக்கத்திலேயே 1952-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி. 1985-ல் வந்த அழகப்பா பல்கலைக்கழகம். பேட்டரியும் மின்பகுப்பும் அரிப்பும் தெரிந்த ஆட்கள் டீக்கடையில் நம் பக்கத்தில் நின்று டீ குடிக்கிற ஊர் இது.

வட்டாரத்துக்கென்று கேள்விகளும் நிறைய இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் உலக அளவில் பேசப்பட்டது. கடற்கரை ஓரமாகத் தகடு பதித்தால் உப்புக் காற்று அதன் தாங்கு சட்டத்தை என்ன செய்யும் என்பது மண்டபம், தொண்டிப் பக்கம் உள்ளவர்களுக்கு ஏட்டுப் பாடம் இல்லை. சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிறோம். அந்தக் கரியைப் பக்குவப்படுத்தினால் சோடியம் அயன் பேட்டரிக்கோ, மின்சாரத்தைச் சட்டென்று ஏற்றி இறக்கும் மீமின்தேக்கிக்கோ மின்முனைக் கார்பன் கிடைக்குமா என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் எது? 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்த பசுமை ஹைட்ரஜன் இயக்கம், அதாவது தூய மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் திட்டம், வேறு இருக்கிறது. ஆக, வேலைக்குப் பஞ்சமில்லை. எந்தக் கூரைக்குக் கீழே என்பதுதான் பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருகிறேன். கட்டுவதற்குப் பணம் எப்படியாவது வந்துவிடும். திட்ட நிதி, நன்கொடை, முன்னாள் மாணவர் என்று வழிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஓட்டுவதற்குத்தான் பணம் வராது. கரண்ட் பில், ஆர்கான் வாயுச் சிலிண்டர், ஏசி பராமரிப்பு, கருவியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் சம்பளம் ஆகிய நான்கையும் எந்தக் கட்டடம் குறைவாகக் கேட்கிறதோ அதற்கே என் ஓட்டு. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பார்வைக்கு முதலிடம் பெறுவது கடைசிக்குப் போய்விடுகிறது.

முதலில் அந்தக் கண்ணாடி மாடி. நான்கு தளம், முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, உள்ளே லிஃப்ட், நடுவில் பெரிய கூடம். இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இதன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. டெண்டர் விடுவது எளிது. பொதுப்பணித்துறை விலைப்பட்டியலில் உள்ள வேலைகள்தான், செய்யத் தெரிந்த ஒப்பந்தக்காரர்களும் மதுரையிலும் திருச்சியிலும் எத்தனையோ பேர். நிலம் மிச்சமாகும். மதிப்பீட்டுக் குழு வரும்போது படம் எடுக்கத் தோதாக இருக்கும். நிதி கொடுத்தவருக்கும் கொடுத்தது கண்ணுக்குத் தெரியும்.

சிக்கல் வெயிலில் தொடங்குகிறது. வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்தால் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் வரும் என்று கட்டடக்கலைப் பாடத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அது எங்கோ தூரத்து வடநாடுகளுக்கு எழுதிய பாடம். காரைக்குடி வடக்கே 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிவெயில் நமக்கு வடக்கிலிருந்துதான் விழுகிறது. அக்கினி நட்சத்திரம் முழுக்க அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயிலுக்குக் கிழக்கு, மேற்குக் கண்ணாடிகள் தப்பாது. ஆக எந்தப் பக்கம் கண்ணாடி வைத்தாலும் ஏசி அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. வேதியியல் ஆய்வகத்தில் ஃபியூம் ஹூட் என்று ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவு வைத்த மேசை. உள்ளே எழும் நச்சுப் புகையை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேல் தள்ளும். கதவுத் திறப்பில் காற்று நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போனால்தான் பாதுகாப்பு. சராசரி அளவுள்ள ஒரு ஹூட் கதவைப் பாதி திறந்து வைத்தால் மணிக்கு ஆயிரம் கன மீட்டருக்கு மேல் காற்றை வெளியே தள்ளிவிடும். 100 சதுர மீட்டர் அறையின் மொத்தக் காற்றும் மணிக்கு மூன்று தடவை காலியாகிறது என்று பொருள். அதுவும் எந்தக் காற்று? ஏசி போட்டுக் குளிர்வித்த காற்று. அந்த இடத்தை நிரப்பச் சித்திரை மாதத்து வெளிக்காற்று உள்ளே வரும், அதை மறுபடி குளிர்விக்க வேண்டும். நான்கு ஹூட் ஓடினால் இதற்கு மட்டும் ஏறக்குறைய 11 டன் ஏசி தேவைப்படும் என்று என் கணக்கு சொல்கிறது. எட்டு மணி நேரத்துக்கு நூறு யூனிட் போய்விடும். தூய எரிசக்தி என்று பெயர் வைத்த கட்டடமே ஊரில் பெரிய மின் தின்னியாக நிற்கும்.

சரி, மேலே சோலார் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். இங்கேதான் மாடிக்கட்டடம் தோற்கிறது. மொத்தத் தளப்பரப்பு 2000 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் நான்கு மாடியில் மொட்டைமாடிக்கு வருவது 500. அதிலும் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஹூட் புகைபோக்கிகள் போக 300 மிஞ்சினால் பெரிது. ஒரு கிலோவாட்டுக்குப் பத்து சதுர மீட்டர் என்ற வழக்கமான கணக்கில் 30 கிலோவாட், நாளைக்கு 120 யூனிட் சுமார். நான்கு ஹூட்டுக்கே அது சரியாகப் போய்விடும். அதே பரப்பை ஒரே தளமாக விரித்தால் கூரையே 2000 சதுர மீட்டர். பாதியில் தகடு பதித்தாலும் 100 கிலோவாட், நாளைக்கு 400 யூனிட்.

இன்னொன்று, துல்லியக் கருவிகள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அதிர்வு ஆகாது. நான்காவது மாடியில் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது. கனமான கருவி, வாயுச் சிலிண்டர், அமிலக் கேன் எல்லாமே தரைத்தளத்தைத்தான் கேட்கும். எல்லாம் கீழே வந்துவிட்டால் மேலே உள்ள மூன்று தளங்களில் பேராசிரியர் அறைகளும் கருத்தரங்கக் கூடமும்தான் மிஞ்சும். அதற்குப் பெயர் ஆய்வகம் இல்லை.

இனி, செட்டிநாட்டில் எந்தப் புதிய திட்டம் என்றாலும் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்கிற யோசனை: "இத்தனை வீடு பூட்டிக் கிடக்கே, அதுல ஒண்ணை எடுத்துப் புதுப்பிச்சா என்ன?"

நெஞ்சைத் தொடுகிற யோசனை. எனக்கும் பிடித்த யோசனை. செட்டிநாட்டுக் கிராமத் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தைப் பயன்படுத்தினால் புதிதாகச் சிமெண்டும் செங்கலும் சுட வேண்டியதில்லை, அதுவே பெரிய கரிமச் சேமிப்பு. வீட்டின் வேலைப்பாட்டிலேயே பாடம் இருக்கிறது. முன் தெருவில் முகப்பு, திண்ணை, பட்டாலை, நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், பிறகு இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று போய்ப் பின் தெருவில் முடிகிற நீள அமைப்பு. வாசலைத் திறந்தால் இந்தத் தெருக் காற்று அந்தத் தெருவுக்குப் போகும். வளவில் சூடான காற்று மேலே ஏற, சுற்றுத் தாழ்வாரத்தில் நிழல் குளிர்ந்தே இருக்கும். கனமான சுவர், அடுக்கடுக்காக வேய்ந்த ஓடு, கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து அரைத்த சுண்ணாம்பு, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. மே மாதத்து மத்தியானம் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள், ஏசி வேண்டாம் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஆனால் மனிதர் உட்கார்ந்திருக்க ஏற்ற இடம் ஹைட்ரஜனுக்கு ஏற்ற இடமாகிவிடாது. ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது. கசிந்தால் நேரே மேலே ஏறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும், 75 சதவீதம் வரை அந்த ஆபத்து உண்டு. அது தங்குகிற இடம் எது? கூரைக்குக் கீழே உத்திரத்துக்கு உத்திரம் இருக்கிற குழிவு. பர்மாத் தேக்கு உத்திரமும் அதன்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெர்ரஸ் கூரையும் உள்ள வீட்டில் அப்படிக் குழிவுகள் வரிசையாக இருக்கின்றன, சுற்றிலும் நூறாண்டு காய்ந்த மரம் வேறு. தீயணைப்புத் துறை அனுமதி கொடுக்காது. கொடுக்கவும் கூடாது.

அடுத்தது அமிலம். செட்டிநாட்டுப் பூச்சு சுண்ணாம்பு. அமிலத் துளி பட்டால் நுரைத்துப் பொரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். அது சூளையில் சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளில் நிறச் சிமெண்டுக் குழம்பை ஒவ்வொன்றாகக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர் கலவையையும் மணல் சிமெண்டையும் போட்டு அழுத்தி, வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரிகிற பக்கத்துக்கு அந்த வழவழப்பு தானாக வந்துவிடும். கையால் தொட்டால் குளிரும், நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். சூளை விறகு மிச்சம் என்பதும் உண்மை. ஆனால் அடியில் இருப்பது சிமெண்டுதான், கந்தக அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் அந்தப் பூ அன்றைக்கே வெளுத்துவிடும். ஆய்வகத்துக்கு அமிலம் தாங்குகிற எபாக்ஸிப் பிசின் தரை வேண்டும். அழகான பழைய தரையின் மேல் எபாக்ஸி ஊற்றுகிற பாவத்தை யாரும் செய்ய வேண்டாம்.

இவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டோம் என்றே வையுங்கள். வீடு யாருடையது? பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டே சொன்னார்:

"வாடகைக்கு விடுறதுன்னா பங்குக்காரவுக எல்லாரும் ஒத்துக்கிறணுந் தம்பி. ஒருத்தக மலேசியாவுல இருக்காக, ரெண்டு பேரு மெட்ராசுல இருக்காக, அமெரிக்காவுல இருக்கிறவுகளுக்கு இந்த வீடு எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாது. சரி, எல்லாரும் கையெழுத்துப் போட்டாகன்னே வச்சுக்குவோம். படைப்புக்கு வருவாக, சாந்திக் கல்யாணத்துக்கு வருவாக. அன்னைக்கு உங்க மிஷினையெல்லாம் எங்க தூக்கி வைப்பீக?"

பதில் சொல்ல முடியவில்லை. பூட்டிக் கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கிற வீடு, அவர்கள் கணக்கில் பூட்டிக் கிடக்கவில்லை. கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் காத்திருக்கிறது. முப்பது வருட ஒப்பந்தம் இல்லாமல் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவியை எந்த நிறுவனமும் இறக்கிவைக்காது. பங்காளிகள் நாற்பது பேர் என்றால் முப்பது வருடத்தில் அவர்கள் எத்தனை பேராக ஆவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தூரம் வேறு. கானாடுகாத்தான் என்றால் காரைக்குடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சுமார். சிக்ரியில் ஒரு மாதிரியைக் கொடுத்துச் சோதித்துவிட்டு வர அரைநாள் போய்விடும். கூட்டாய்வு என்பது ஒப்பந்தப் பத்திரத்தில் நடப்பதைவிட, "கொஞ்சம் வந்து இந்த வளைகோட்டைப் பாருங்களேன்" என்று ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, அவர் நடந்தே வந்துவிடுவதில்தான் அதிகம் நடக்கிறது.

ஆகவே பழைய வீட்டை ஆய்வகமாக்குவது சரிவராது. அதற்காக அதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, வெளியூர் ஆய்வாளர்களும் சோலார் பதிக்கும் தொழிலாளர்களும் சேர்ந்து தங்கும் பயிலரங்குக்குக் கல்யாண வாடகை மாதிரியே நாள் கணக்கில் எடுக்கலாம். பங்காளிகளுக்கும் பராமரிப்புக்குக் காசு வரும். வந்தவர்களுக்கு ஏசி இல்லாத குளிர்ச்சியைத் தனியாக விரிவுரை வைத்து விளக்க வேண்டியிருக்காது.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது, ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் நிறைய நிலம் வாங்கித் தனி வளாகம். நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. ஹைட்ரஜன் சேமிப்புக்கும் பெரிய சோலார் களத்துக்கும் தாராளமான இடம் கிடைக்கும், அது மட்டும்தான் லாபம். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸோடு ஆட்களும் கிளம்பிவிடுவார்கள். பேட்டரியைச் சுழற்சியில் போட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்து பார்க்க வேண்டிய ஆராய்ச்சி மாணவி அங்கே எப்படி வந்து போவாள்? வேறு வழியே இல்லை என்றால் பார்க்கலாம்.

மிச்சம் இருப்பது, கல்லூரிச் சாலை வட்டாரத்திலேயே, ஏற்கெனவே உள்ள வளாகங்களுக்கு நடக்கிற தூரத்தில், தாழ்வாக விரிந்த கூடங்கள். ஒரே கட்டடமாக நினைக்காமல் இரண்டு வகையாகப் பிரித்துவிட வேண்டும். ஒன்று ஆபத்தும் அமிலமும் உள்ள ஆய்வுக்கூடம். சாதாரண இரும்புச் சட்டம், தகரக் கூரை, எபாக்ஸித் தரை, உச்சியில் திறந்த காற்றுப்போக்கி. மற்றது மனிதர் உட்காருகிற பகுதி. அலுவலகம், வகுப்பு, பட்டறைப் பயிற்சி, விருந்தினர் மேசை எல்லாம் அதில். அங்கே வளவும் தாழ்வாரமும் சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் வரட்டும், அவற்றுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் முகத்தில் செட்டிநாட்டுத் தூணை ஒட்டவைக்கிற வேலை மட்டும் வேண்டாம். தூணுக்கும் மரியாதை இல்லை, ஆய்வுக்கூடத்துக்கும் மரியாதை இல்லை.

தகரக் கூரை கொதிக்குமே என்றால், தகரத்துக்குக் கீழே வெப்பத்தடுப்புப் பாய், தகரத்துக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டுச் சோலார் தகடு. வெயில் முதலில் தகட்டில் விழுகிறது, இடைவெளியில் காற்று ஓடுகிறது, தகரம் நிழலில் இருக்கிறது. நம் வீட்டு ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்ததன் நோக்கமும் இதுவே. அந்தக் காற்றோட்டம் தகட்டுக்கும் நல்லது, சூடு ஏற ஏறத் தகட்டின் உற்பத்தி குறையும். ஒவ்வொரு பாகைக்கும் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு என்பது சின்னக் கணக்காகத் தெரியலாம். மே மாதம் தகடு 65 பாகைக்குப் போகும்போது சின்னதாகத் தெரியாது. தூசு துடைப்பதையும் ஆய்வாகவே வைத்துக்கொள்ளலாம். கமுதியில் தண்ணீரைக் கொட்டாமல் ரோபோவை விட்டுத் துடைக்கிறார்கள், சிறிய கூரைக்கு எது கட்டுப்படியாகும் என்று இங்கே அளந்து பார்க்கலாம்.

தண்ணீரைப் பற்றிப் பலருக்கு வீண் பயம் இருக்கிறது. வறண்ட சீமையில் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பதா என்று கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல்படி 9 லிட்டர் தண்ணீர் போதும், சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்து 20 என்று வைப்போம். மின்சாரம் 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். தண்ணீரைப் பிளக்கும் 50 கிலோவாட் மின்பகுப்பான் வெயில் நேரம் ஐந்து மணி ஓடினால் 250 யூனிட், ஏறக்குறைய ஐந்து கிலோ, 100 லிட்டர் தண்ணீர். வருடத்துக்கு 36,500 லிட்டர். 2000 சதுர மீட்டர் கூரையில் ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்று கொண்டால், வீணாவது போக 14 லட்சம் லிட்டர் இறங்கும். வளவில் விழுந்த மழையை அண்டாவில் பிடித்தும், மிச்சத்தை ஊருணிக்கு விட்டும் வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. பெய்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் என்பதால் தொட்டி பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். மழைநீரில் உப்பு குறைவு என்பதால் சுத்திகரிப்பும் எளிது.

ஆக 100 கிலோவாட் கூரையின் 400 யூனிட்டில் 250 மின்பகுப்பானுக்கு, 100 ஹூட் நான்குக்கு. மீதம் 50. கருவிகள், விளக்கு, அலுவலக ஏசி எல்லாம் அதற்குள் அடங்காது என்று உங்களுக்கே தெரிகிறது. வாரியத்திலிருந்து வாங்கத்தான் வேண்டும். தன் மின்சாரம் முழுவதையும் தானே தயாரிக்கும் கட்டடம் என்று விளம்பரம் செய்கிறவர்களை ஹூட் எத்தனை, ஈரமற்ற அறை உண்டா என்று கேளுங்கள்.

அந்த ஈரமற்ற அறைதான் எந்த வகைக் கட்டடத்திலும் தலைவலி. லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுளித் திரவத்தில் உள்ள உப்பு, ஈரம் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக மாறி பேட்டரியையே தின்றுவிடும். அதனால் செல் கட்டும் அறையில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 40 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். கார்த்திகை மழையில் காரைக்குடிக் காற்றின் பனிநிலை 22, 23 பாகை இருக்கும். அந்த ஈரத்தை உறிஞ்சும் சக்கரத்தை மறுபடி உலர்த்த 120 பாகைக்கு மேல் சுடவைத்த காற்றை இரவும் பகலும் ஊத வேண்டும். உள்ளே நிற்கிற ஒவ்வொருவர் மூச்சும் வியர்வையும் கூட ஈரம்தான், அதனால் எத்தனை பேர் நுழையலாம் என்பதற்கே எண்ணிக்கை உண்டு. இப்படி ஓர் அறையைப் பெரிதாகக் கட்டிவிட்டு, இரண்டாம் வருடமே பில் கட்ட முடியாமல் அணைத்து வைத்தால் உள்ளே இருக்கும் பொருளும் வீண், கருவியும் வீண்.

தாழ்வான கூடத்துக்கும் குறை இருக்கிறது, மறைக்க வேண்டாம். நிலம் அதிகம் தின்னும், இருக்கிற மரங்களைக் காப்பாற்றி வரைபடம் போடுவது பெரிய பாடு. கேபிளும் வாயுக் குழாயும் நீளும். ஒரே தளமாக விரிகிற கூரைக்கு ஒழுகும் இடங்களும் கூடுதல், ஐப்பசியில் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்கள் கூலியும் வேகமும் டெண்டர் அட்டவணைக்கு ஒத்துவராது. அந்தப் பகுதியை மட்டும் தனி ஒப்பந்தமாகப் பிரிக்காவிட்டால், முதல் தளர்விலேயே ஒப்பந்தக்காரர் சிமெண்டுக்கு மாறிவிடுவார். அப்புறம், நிதி கொடுக்கிறவரை இது மயக்காது. தகரக் கூரையின் படத்தைப் போட்டு யாரிடம் போய்ப் பணம் கேட்பது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முகப்புக்கு வளவும் திண்ணையும் இருக்கிறதே, படத்துக்கு அது போதும் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

திண்ணையை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. வட்டாரக் கூட்டு என்று திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதில் சேர வேண்டியவர்கள் பேராசிரியர்கள் மட்டும் இல்லை. இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடைக்காரர், ஆட்டோவுக்குப் பேட்டரி மாற்றுகிறவர், சோலார் பம்ப் போட்டு இரண்டாம் வருடமே நின்றுபோன விவசாயி, ஐடிஐ முடித்துச் சோலார் பதிக்கப் போகும் பையன், கரிமூட்டம் போடுகிறவர். இவர்கள் கேட் பாஸ் வாங்கி, லிஃப்டில் ஏறி, மூன்றாம் மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க மாட்டார்கள். தெருவிலிருந்து நேரே ஏறி உட்காருகிற இடம் வேண்டும், கையில் கொண்டுவந்த செத்த பேட்டரியை வைக்க ஒரு மேசை வேண்டும், அங்கேயே அதன் மின்தடையை அளந்து சொல்கிற ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமை காலை ஒரு வேளை இதைத் திறந்து வைத்தால், வட்டாரத்தில் எந்தப் பேட்டரி எத்தனை மாதத்தில் எதனால் சாகிறது என்கிற தரவு ஆய்வாளர்களுக்குச் சும்மாவே கிடைக்கும்.

கருவி விஷயத்தில் எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிற ஆசையை அடக்க வேண்டும். நடக்கிற தூரத்தில் இருக்கும் நிலையங்களில் உள்ளதை முன்பதிவு செய்து பகிர்ந்துகொள்வது முதல் வழி. அங்கே இல்லாததை மட்டும் வாங்குவது அடுத்தது. வாங்கும்போதே ஐந்து வருடப் பராமரிப்பையும் டெக்னீஷியன் பணியிடத்தையும் சேர்த்து எழுதாத கருவிப் பட்டியலை ஒப்புக்கொள்ளவே கூடாது.

கட்டி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அழகப்பர் 1947-ல் கலைக் கல்லூரியைத் தொடங்கியபோது கட்டடம் கட்டிவிட்டா தொடங்கினார்? காந்தி மாளிகையில் வகுப்பை ஆரம்பித்துவிட்டார். அதே மாதிரி முதல் வருடம் இருக்கிற ஆய்வகங்களில் இரண்டு அறையை ஒதுக்கி, ஆர்கான் நிரப்பி, பதித்த கையுறைக்குள் கைவிட்டு வேலை செய்கிற இரண்டு கையுறைப் பெட்டிகளோடு பேட்டரி வேலையைத் தொடங்கலாம். கையுறைப் பெட்டிக்குள் ஈரத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே வைக்க முடியும், நாணய அளவு செல்களுக்கு அது தாராளம். அதற்குள் மனிதப் பகுதியின் சுண்ணாம்பு வேலை அதன் வேகத்தில் நடக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் முதலில் முடிய வேண்டியவை டிரான்ஸ்பார்மர் மேடை, சிலிண்டர்களுக்கான வெளிக்கொட்டகை, அமிலக் கழிவுத் தொட்டி, மழைநீர்த் தொட்டி ஆகிய நான்கும்தான். கடைசியில் பணம் தீர்ந்தால் வழக்கமாக வெட்டப்படுபவை இவைதான் என்பதால் முதலிலேயே கட்டிவிடச் சொல்கிறேன்.

ஈரமற்ற அறைக்கு இப்போதைக்கு இடம் மட்டும் விட்டுவைத்தால் போதும். கட்டடத்தின் நடுவில், வெளிச்சுவர் எதையும் தொடாமல், 20 சதுர மீட்டர். பையில் அடைக்கிற பெரிய செல்களுக்கு உண்மையிலேயே தேவை வந்து, ஆண்டு மின்கட்டணத்துக்கு யாராவது எழுத்தில் பொறுப்பேற்கும் அன்றைக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம். அதுவரை அந்த அறையில் சனிக்கிழமைக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த பேட்டரிகளை அடுக்கி வைக்கலாம்.